மீடியம் வேவ் பாடுது, எஃப்.எம். மட்டும் வரலை: பழைய வால்வு ரேடியோவில் பழுது எங்கே இருக்கிறது?

பெரிய மரப்பெட்டி. முன்பக்கம் துணி போர்த்திய ஸ்பீக்கர், அதன் கீழே பியானோ கட்டைகள்போல வரிசையாக வெள்ளைப் பொத்தான்கள், நடுவில் பச்சையாக ஒளிரும் ஒரு கண். ஜெர்மனியில் வேலை பார்த்த உறவினர் எப்போதோ கொண்டுவந்ததாக இருக்கும். இல்லையென்றால் பழைய பொருள் விற்பவரிடம் ஆசைப்பட்டு வாங்கியதாக இருக்கும். சுவிட்சைப் போட்டால் அரை நிமிடத்தில் வால்வு சூடேறி, மீடியம் வேவில் கரகரவென்று ஏதோ ஒரு நிலையம் பேசுகிறது. எஃப்.எம். பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் போன தீபாவளி வரை எஃப்.எம். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த செட்.

வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும். "வால்வு போச்சு. இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் எங்க கிடைக்கும்?" அதற்குப் பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. பெட்டி பரணுக்குப் போகும். அல்லது யாராவது ஸ்க்ரூடிரைவரை எடுத்து, உள்ளே கண்ணில் படும் திருகையெல்லாம் ஆளுக்கொரு சுற்று சுற்றிப் பார்ப்பார்கள். பரணாவது பரவாயில்லை, பெட்டி அப்படியே இருக்கும். ஸ்க்ரூடிரைவர், சின்னப் பழுதைப் பெரிய பழுதாக்கிவிடும்.

உண்மையில், மீடியம் வேவ் வேலை செய்கிறது என்பதே பாதி விடை. பெட்டிக்குள் இருக்கும் பெரும்பாலான பாகங்கள் நலமாக இருக்கின்றன என்று அந்தக் கரகரப்பே சொல்லிவிடுகிறது. மிச்சம் இருப்பது தேட வேண்டிய ஒரு சிறிய இடம்தான்.

முதலில், அதில் எஃப்.எம். இருந்ததா?

கேட்கவே வேடிக்கையாக இருக்கும். ஆனால் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இந்தியாவில் தயாரான மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் வால்வு ரேடியோக்களில் பொதுவாக மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான் இருக்கும். சென்னையில் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது 1977 ஜூலை 23-ல். அதற்குள் நம்மூர்க் கடைகளில் டிரான்சிஸ்டர் வந்து வால்வைத் தள்ளிவிட்டது. எனவே எஃப்.எம். உள்ள வால்வு ரேடியோ ஒரு வீட்டில் இருக்கிறது என்றால், அது அநேகமாக வெளிநாட்டுச் சரக்கு. அதிலும் பெரும்பாலும் ஜெர்மன் சரக்கு: கிரண்டிக், டெலிஃபுங்கன், சாபா, நார்ட்மெண்டே.

ஜெர்மன்காரர்கள் ஏன் இதில் முந்தினார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பிய நாடுகள் 1948-ல் கோபன்ஹேகனில் கூடி மீடியம் வேவ் அலைவரிசைகளைப் பங்கு போட்டுக்கொண்டன. தோற்ற நாடான ஜெர்மனிக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். அந்தப் பங்கீடு 1950 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இருக்கிற இடம் போதாததால் அவர்கள் யாரும் அதிகம் சீந்தாத எஃப்.எம்.முக்குத் தாவினார்கள். 1949 பிப்ரவரியிலேயே மியூனிக்கில் எஃப்.எம். நிலையம் வந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே எஃப்.எம். இல்லாத ரேடியோவை விற்பதே கஷ்டம் என்ற நிலை வந்தது. பொத்தானில் 'எஃப்.எம்.' என்று தேடினால் கிடைக்காது. 'யூ.கே.டபிள்யூ.' என்று போட்டிருக்கும் பொத்தான்தான் அது. 'கே.டபிள்யூ.' என்பது ஷார்ட் வேவ். அவசரத்தில் அதை அழுத்திவிட்டு எஃப்.எம். வரவில்லை என்பவர்களும் உண்டு.

இன்னொரு சிக்கல் டயலில் இருக்கிறது. 1950-களின் ஜெர்மன் செட்களில் எஃப்.எம். டயல் சுமார் 87 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 100-லேயே முடிந்துவிடும். பின்னால் வந்தவை 104 வரை போகும். அங்கே அன்று அதற்கு மேல் நிலையங்கள் கிடையாது. ஆகவே சென்னையில் அந்த செட்டை வைத்தால் 93.5-ல் சூரியனும் 98.3-ல் மிர்ச்சியும் வரலாம். 101.4-ல் உள்ள ரெயின்போவும் 106.4-ல் உள்ள ஹலோவும் வராது. அது பழுது இல்லை, அந்த இடம்வரை டயலே போகாது. சோவியத் நாட்டு செட் என்றால் இன்னும் மோசம். அங்கே எஃப்.எம். 66 முதல் 73 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் ஊரில் ஒரு நிலையம்கூட அதில் சிக்காது.

இப்படி ரேடியோ நன்றாக இருந்தும் எஃப்.எம். காணாமல் போவது புதிதல்ல. 1945-ல் அமெரிக்க அரசு எஃப்.எம். நிலையங்களை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88-108-க்கு மாற்ற உத்தரவிட்டபோது, மக்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருந்த எஃப்.எம். செட்கள் எல்லாம் ஊமையாகிப்போயின. நார்வே 2017-ல் தேசிய நிலையங்களின் எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்குப் போனது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் கடைசி நாளோடு எஃப்.எம்.மை நிறுத்தியது. அந்த ஊர்களில் இருக்கும் சொந்தக்காரர் "ரேடியோல எஃப்.எம். போச்சு" என்றால், பின்மூடியைக் கழற்றுவதற்கு முன் பக்கத்து வீட்டு ரேடியோவில் வருகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கையை வைக்கும் முன்

டிரான்சிஸ்டரைப் பிரித்துப் பழகியவர்களுக்கு இது கட்டாயம். டிரான்சிஸ்டரில் இருப்பது ஆறு வோல்ட், ஒன்பது வோல்ட். வால்வு ரேடியோவுக்குள் ஓடுவது சுமார் 250 வோல்ட் டி.சி. மின்சாரம். ஆளைக் கொல்ல அது போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். சில கிலோ ஓம் மதிப்புள்ள தடித்த ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அதை வடியவிட்டு, மீட்டரில் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விரல் போக வேண்டும்.

வால்வின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் பார்க்க வேண்டும். 'இ' என்று தொடங்கினால் அது 6.3 வோல்ட் ஃபிலமென்ட், பொதுவாக டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட். 'யூ' என்று தொடங்கினால் ஃபிலமென்ட் எல்லாம் சீரியல் பல்புபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நேராக மெயின் கரண்டில் இணைத்த செட். அதில் உள்ளே இருக்கும் தகரச் சட்டத்தைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். பின்பக்கம் உள்ள ஏரியல், ஸ்பீக்கர் ஓட்டைகளில்கூட வெறும் கம்பியைச் செருகிப் பார்க்கக் கூடாது. 'யூ' செட்டை அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

ஒரே பெட்டி, இரண்டு வழி

ஒரு வழக்கமான ஜெர்மன் செட்டில் வால்வுகள் இப்படி இருக்கும்: இ.சி.சி.85, இ.சி.ஹெச்.81, இ.எஃப்.89, இ.ஏ.பி.சி.80, இ.எல்.84, அதோடு பச்சைக் கண். மீடியம் வேவ் கேட்கும்போது அலையைப் பிடித்து மாற்றுவது இ.சி.ஹெச்.81. அடுத்து இ.எஃப்.89 அதைப் பெருக்குகிறது. இ.ஏ.பி.சி.80 அதிலிருந்து ஒலியைப் பிரிக்கிறது. இ.எல்.84 அதை ஸ்பீக்கருக்குத் தள்ளுகிறது. எஃப்.எம். பொத்தானை அழுத்தினாலும் இதே வரிசைதான். ஒரே வித்தியாசம், வாசலில் வேறொரு ஆள் வந்து நிற்கிறார். அவர்தான் இ.சி.சி.85.

எஃப்.எம். நிலையத்தைப் பிடிப்பதும், அதை 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் அந்த ஒரு வால்வின் வேலை. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு டிரையோடு இருக்கும். பொதுவாகத் தனித் தகரப் பெட்டிக்குள் காயில்களோடு சேர்த்து அடைத்திருப்பார்கள். மீடியம் வேவில் அதற்கு வேலையே இல்லை.

ஆக, மீடியம் வேவ் நன்றாகக் கேட்டால் பவர் சப்ளை, இ.எல்.84, ஸ்பீக்கர் ஆகியவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். இ.சி.ஹெச்.81-ம் இ.எஃப்.89-ம் ஓரளவு நலம். சந்தேகம் விழ வேண்டிய இடங்கள் நான்குதான்: ஏரியல், பொத்தான் சுவிட்ச், இ.சி.சி.85 இருக்கும் அந்தத் தகரப் பெட்டி, எஃப்.எம். ஒலியைப் பிரிக்கும் பகுதி.

"ஓரளவு" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கிழடு தட்டிய வால்வு மீடியம் வேவுக்குத் தாக்குப்பிடிக்கும், எஃப்.எம்.முக்கு மூச்சு வாங்கும். பழைய செட்களில் கரண்டை டி.சி.யாக மாற்றும் செலினியம் ரெக்டிஃபையரும் அப்படித்தான். வயதாக ஆக அது தரும் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். முதலில் கைவிடுவது எஃப்.எம்.தான்.

பின்மூடியைத் திறக்காமலே

வீடு மாற்றும்போதோ தூசு தட்டும்போதோ பெட்டிக்குள் இருக்கும் எஃப்.எம். ஏரியலின் பிளக் கழன்று தொங்குவது சாதாரணம். பின்பக்கம் இரட்டைத் துளை உள்ள ஓட்டை ஒன்று இருக்கும், அதில்தான் அது செருகியிருக்க வேண்டும். ஒற்றைத் துளை மீடியம் வேவ் ஏரியலுக்கு. உள் ஏரியலே காணோம் என்றால், ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு வயர்களை எடுத்து, இரட்டைத் துளைக்கு ஒன்று வீதம் இணைத்து இரண்டு பக்கமும் விரித்துவிட்டால் நகரத்துக்குள் போதும். ஆனால் இது 'இ' செட்டுக்கு மட்டும்.

அடுத்தது பொத்தான்கள். உள்ளே வெள்ளி பூசிய தொடுமுனைகள் இருக்கின்றன. வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவது போல அவையும் கறுக்கும். எப்போதும் ஒரே பொத்தானை அழுத்தி வைத்திருந்த வீடுகளில் மற்ற பொத்தான்களின் முனைகள் தொடுவதே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாப் பொத்தான்களையும் இருபது முப்பது தடவை மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கலாம். பல செட்கள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும். எஃப்.எம். கொஞ்ச நேரம் வந்து பொத்தானைத் தட்டினால் போகிறது என்றால், குற்றவாளி இங்கேதான். பிறகு மூடியைத் திறந்து காண்டாக்ட் கிளீனரை முனைகளில் மட்டும் சிறு தூரிகையால் தடவலாம். சும்மா ஸ்ப்ரே அடித்தால் அது காயில்மீதும் படிந்து வேறு தொல்லை வரும்.

டயல் நூலையும் மறக்கக் கூடாது. பல ஜெர்மன் செட்களில் எஃப்.எம்.முக்குத் தனி நூல், தனிச் சக்கரம். முள் அழகாக நகரும், உள்ளே ட்யூனர் நகராது. குமிழை எவ்வளவு திருப்பினாலும் ஒரே நிலையம் வருகிறது, இல்லையேல் ஒன்றும் வரவில்லை என்றால் நூல் நழுவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காதால் ஒரு சோதனை, இன்னொரு ரேடியோவால் ஒரு சோதனை

எஃப்.எம். பொத்தானை அழுத்தி, ஒலியை முழுதாக வைத்துக் கேட்க வேண்டும். மழை பெய்வது போல 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் பலமாக இருந்தால், பெருக்கும் வால்வுகள் எல்லாம் வேலை செய்கின்றன. நிலையத்தைப் பிடிக்கும் வாசலில்தான் கோளாறு. இரைச்சலே இல்லாமல் கல்லாய்க் கிடந்தால், வழி எங்கோ அறுந்திருக்கிறது: சுவிட்ச், ட்யூனருக்குப் போகும் கரண்ட், அல்லது ஒலி பிரிக்கும் பகுதி. குமிழைத் திருப்பும்போது பச்சைக் கண் சிமிட்டுகிறது, ஆனால் சத்தம் வரவில்லை என்றால் நிலையம் உள்ளே வந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் சிக்கியிருக்கிறது.

அடுத்த சோதனை பழைய மெக்கானிக்குகளின் கைவைத்தியம். எந்தக் கருவியும் வேண்டாம், எஃப்.எம். உள்ள ஒரு சின்ன பேட்டரி ரேடியோ போதும். இ.சி.சி.85-க்குள் ஒரு பாதி எப்போதும் ஓர் அலையை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது பிடிக்க நினைக்கும் நிலையத்தைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே இருக்கும். அந்த அலை கொஞ்சம் வெளியேயும் கசியும். எனவே வால்வு ரேடியோவின் முள்ளை 90-ல் வைத்து, பேட்டரி ரேடியோவை அதன் முதுகுப் பக்கம் கொண்டுபோய் 100.7 அருகே மெதுவாகத் திருப்ப வேண்டும். நிலையம் இல்லாத இடத்தில் வரும் இரைச்சல் ஓரிடத்தில் திடீரென்று அடங்கி மௌனமானால், வால்வு உயிரோடு இருக்கிறது. வால்வு ரேடியோவின் குமிழை லேசாக அசைத்தால் அந்த மௌனமும் இடம் மாறும். டயல் பழசாகி முள் தள்ளிப்போயிருக்கலாம் என்பதால் 99-லிருந்து 103 வரை நிதானமாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

மௌனம் கிடைத்துவிட்டதா? அப்படியானால் ஏரியலையும், ட்யூனருக்குப் பிறகு உள்ள வழியையும் பார்க்கலாம். எங்கேயும் கிடைக்கவில்லையா? அப்போது இ.சி.சி.85, அல்லது அதற்கு வரும் கரண்ட்.

வால்வு போச்சா, கரண்ட் வரலையா?

இருட்டில் பார்த்தால் ஒவ்வொரு வால்வுக்குள்ளும் செந்நிறத் துளி தெரியும். இ.சி.சி.85-ல் மட்டும் இல்லை என்றால் ஃபிலமென்ட் அறுந்துவிட்டது, அல்லது அதன் கால் சாக்கெட்டில் சரியாக உட்காரவில்லை. ஆற விட்டு, கழற்றித் திரும்பச் செருகினால் சில நேரம் எரியும். எரிகிறது, ஆனாலும் எஃப்.எம். இல்லை என்றால் வால்வை மட்டும் குறை சொல்ல முடியாது. ட்யூனருக்குப் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அது கருகி அறுந்திருக்கலாம். அங்கே 150 முதல் 200 வோல்ட் வரை இருப்பது வழக்கம். அந்த செட்டின் சர்க்யூட் படத்தில் சரியான எண் இருக்கும். வோல்டேஜ் பூஜ்ஜியம் என்றால் புது வால்வு வாங்குவது தண்டச் செலவு. இந்த அளவை எடுக்க செட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் இது பழகிய கைகளுக்கான வேலை.

வால்வு சாகாமல் சோர்ந்துபோவதும் உண்டு. அதற்கு அடையாளம்: டயலின் ஒரு பாதியில் நிலையம் வரும், மறு பாதியில் திடீரென்று எல்லாம் அணைந்துவிடும். அல்லது இரவில் வோல்டேஜ் கூடும்போது மட்டும் வரும். இதைக் கண்டால் வால்வை மாற்ற வேண்டியதுதான்.

"ஸ்பேர் கிடைக்காது" என்ற பேச்சு பாதிதான் உண்மை. இ.சி.ஹெச்.81, இ.எல்.84 போன்றவை நம்மூர் ரேடியோக்களிலும் இருந்தன, பழைய மெக்கானிக்குகளின் டப்பாவில் இன்றும் அகப்படலாம். எஃப்.எம்.முக்கே பிறந்த இ.சி.சி.85-க்கு இங்கே அவ்வளவாக வேலை இருந்ததில்லை. வெளிநாட்டில் பழைய சரக்கு விற்பவர்களிடம் வாங்க வேண்டியிருக்கும். அமெரிக்கப் பெயர் 6.ஏ.க்யூ.8. இரண்டும் ஒன்றே, எது கிடைத்தாலும் போடலாம். ஆனால் "இதுவும் ஒன்பது கால்தானே" என்று இ.சி.சி.81-ஐயோ 83-ஐயோ செருகக் கூடாது. கால்களின் இணைப்பு வேறு.

பச்சைக் கண் சிமிட்டியும் ஒலி கரகரவென்று உடைந்து வருகிறதா? ஒலி பிரிக்கும் இடத்தில் சில மைக்ரோஃபாரட் மதிப்புள்ள ஓர் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் இருக்கும். எழுபது வருடத்தில் அது காய்ந்து போயிருப்பதில் ஆச்சரியம் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக்கு அகப்படும் சாமான் அது. பிளஸ், மைனஸ் மாறாமல் போட வேண்டும் என்பது ஒன்றுதான் கவனம். அதையும் மாற்றித் தீரவில்லை என்றால் இ.ஏ.பி.சி.80-ஐப் பார்க்கலாம். மீடியம் வேவுக்கும் எஃப்.எம்.முக்கும் அதற்குள் தனித்தனி டையோடுகள். ஒன்று நன்றாக இருந்து மற்றது தளர்ந்து போவது நடக்கக்கூடியதே.

அந்தத் திருகுகளை மட்டும் விட்டுவிடுங்கள்

சதுரமான அலுமினிய டப்பாக்களின் தலையிலும் பக்கத்திலும் ஓட்டைகள் இருக்கும். எட்டிப் பார்த்தால் திருகு போன்ற ஒன்று தெரியும், சிலவற்றில் மேலே மெழுகு வைத்து மூடியிருக்கும். அது இறுக்குகிற திருகு அல்ல. காயிலுக்குள் ஏறி இறங்கும் ஃபெரைட் துண்டு. தொழிற்சாலையில் கருவி வைத்து ஒவ்வொன்றாக 10.7-க்குச் சரிசெய்து மூடியது. நேற்றுவரை பாடிய ரேடியோவில் அது ஒரே இரவில் தானாகத் திரும்பியிருக்க வழியில்லை. இரும்பு ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் அந்தத் துண்டு உள்ளேயே உடைந்து சிக்கிக்கொள்ளும். உடையாவிட்டாலும், நான்கைந்து திருகு இடம் மாறிய பிறகு சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. மீடியம் வேவ் செட்டில் காதால் கேட்டே திருகைச் சரிசெய்த பெரியவர்கள் உண்டு. அந்தத் துணிச்சல் எஃப்.எம்.மில், அதுவும் ஒலி பிரிக்கும் காயிலில், எடுபடாது. கடையில் கொடுக்கும்போதே "காயில் எதையும் திருப்பாம பாருங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

பின்மூடி மாட்டும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். பல செட்களில் டிரான்ஸ்ஃபார்மர் அருகே 110, 127, 220, 240 என்று மாற்றும் வசதி இருக்கும். ஜெர்மனியிலிருந்து வந்தது 220-ல் இருக்கும். நம் வீட்டு வோல்டேஜ் 230, சில தெருக்களில் அதற்கும் மேல். 240-க்கு மாற்றினால் டிரான்ஸ்ஃபார்மரும் வால்வும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும்.

ரிப்பேர் முடிந்து எஃப்.எம். பாடத் தொடங்கியதும் சிலர் மறுபடி கலங்குவார்கள்: "பத்து நிமிஷத்துல ஸ்டேஷன் நழுவுதே!" வால்வு சூடேற ஏற அலை கொஞ்சம் நகரும். அந்தக் காலத்திலும் அப்படித்தான். கால் மணி நேரம் கழித்துக் குமிழை ஒரு முறை தொட்டுச் சரிசெய்தால் பிறகு நிற்கும். பச்சைக் கண் எந்த இடத்தில் அதிகமாக மூடுகிறதோ, அங்கே நிறுத்த வேண்டும்.